பிள்ளை போன முதல் ஆறு வாரம்

(பொதுக்குழுக் கூட்டம் முடிந்த பிறகு நம் சமூகக் கூடத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்ன விஷயம் கல்விக் கடன். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? இந்த வருஷம் நம் குடியிருப்பிலிருந்து மூன்று பிள்ளைகள் வெளிநாடு கிளம்புகிறார்கள். இரண்டு பேர் ஜெர்மனிக்கு, ஒருவர் அயர்லாந்துக்கு. கடனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று நீங்கள் எந்தக் கிளைக்குப் போனாலும் அவர்களே பட்டியல் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். பெங்களூரு விமான நிலையத்தில் கையசைத்துவிட்டு நாம் ஓசூர் வழியாகத் தர்மபுரி திரும்பி விடுகிறோம். அதற்கப்புறம் வருகிற ஆறு வாரம் இருக்கிறதே, அதைப் பற்றி.

முதலில் ஒரு பழைய கதை. இவரும் குமாஸ்தாதான். சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912 மார்ச் மாதம் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். பெயர் சீனிவாச ராமானுஜன். எனக்கும் அவருக்கும் ஒற்றுமை அந்தக் குமாஸ்தா வேலையோடு முடிந்தது, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் கணிதத்தை நான் விளக்கப் போவதில்லை, எனக்குத் தெரியாது. அவர் பயணம் எப்படி ஏற்பாடானது என்பதை மட்டும் பாருங்கள். கேம்பிரிட்ஜில் ஹார்டி என்ற பேராசிரியர் அவரை வரவழைக்க விரும்பினார். 1914 தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரை ஆற்ற வந்த நெவில் என்ற இளம் கணிதவியலாளர் நேரில் பேசி ராமானுஜனைச் சம்மதிக்க வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. துணிமணிக்கும் பயணத்துக்கும் தனியாகப் பணம் வந்தது. உதவித்தொகையில் ஒரு பகுதி வீட்டுக்குப் போகும்படி ராமானுஜன் எழுதி வைத்தார். குடுமி எடுத்தாயிற்று, கோட்டு தைத்தாயிற்று. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார், ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். நெவில் தன் சகோதரரோடு கார் கொண்டு வந்து காத்திருந்தார். லண்டனில் இந்திய மாணவர்களை வரவேற்கும் இடத்தில் நாலு நாள் தங்கினார். பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டிலேயே சுமார் ஆறு வாரம். அதற்கப்புறம்தான் டிரினிட்டி கல்லூரி அறை.

இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றைக்கு எந்த ஏஜென்சியும் செய்து தர முடியாது. பணம், படிப்பு, தங்கும் இடம், அழைத்துப் போக ஆள், எல்லாம் இருந்தது.

ஆனாலும் அவர் பட்ட பாடு என்ன தெரியுமா? நெவில் பின்னாளில் எழுதியிருக்கிறார். பழக்கமில்லாத காய்கறி வாய்க்கு ஒத்துவரவில்லை. இருபத்தாறு வயது வரை காற்றாட இருந்த பாதத்தை ஷூ படாத பாடு படுத்தியது. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம் அவருடைய சைவத்துக்குச் சரிப்படாததால் அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். ஊரில் உள்ள நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். புளி நம் மாவட்டத்துச் சரக்கு. அந்த வரியைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறு ஒன்று. அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தவர் மஹலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். குளிரான ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்கப் போனவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். குளிர்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டு வைத்திருந்தார்கள். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலே படுத்து, அந்த மெல்லிய விரிப்பைப் போர்த்திக்கொண்டு குளிரில் கிடந்திருக்கிறார். எப்படிப் படுப்பது என்று மஹலனோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

உலகமே வியந்த மூளை அது. ஒரு கம்பளியை எப்படிப் போர்த்திக்கொள்வது என்று யாரிடமும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அந்த அறைக்குத் தினமும் ஆட்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. இதே கதை 2022-இல் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் தங்கை மகன் அந்த வருஷம் அக்டோபரில் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊருக்கு மேற்படிப்புக்குப் போனான். கடன் மனு, கணக்கு, விசாக் காகிதம் எல்லாம் நான்தான் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. விசா கைக்கு வந்த அன்று தங்கை வீட்டில் எனக்குத் தனியாகப் பாயசம் வைத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

போனவன் தினமும் அம்மாவுக்குப் போன் செய்தான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்மா." "கிளாஸ் எப்படி?" "நல்லா இருக்குமா." நாலாவது வாரம் போன் குறைந்தது. வேலை அதிகம் என்றான். பிறகு ஒருநாள் அவனுடைய சீனியர், நாமக்கல் பக்கத்துப் பையன், தங்கைக்குப் போன் செய்தான். உங்கள் பையனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை, டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தேன், கவலைப்படாதீர்கள் என்று.

விஷயம் என்னவென்றால், அவன் அறை ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் ஒரு இரும்பு ஹீட்டர் உண்டு. ஓரத்தில் ஒரு திருகு, அதில் 1 முதல் 5 வரை எண். திருப்பினால் சூடு வரும், அவ்வளவுதான். அந்த வருஷம் உக்ரைன் போரால் அங்கே கேஸ் விலை எகிறிப் போயிருந்தது. சிக்கனமாக இருங்கள் என்று கட்டிடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இவன் அதைத் தொட்டால் பில் வந்துவிடும், மாமா போட்டுக் கொடுத்த கணக்கு தாங்காது என்று முடிவு பண்ணிவிட்டான். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஐந்து வாரம் தூங்கியிருக்கிறான். அவன் வாடகையிலேயே ஹீட்டர் செலவும் சேர்த்திருந்தது. ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தது, ஜெர்மன் மொழியில்.

பக்கத்து அறையில் கேட்டிருக்கலாமே என்றேன். "இதைப் போய் எப்படி மாமா கேட்பது" என்றான்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. மாதம் எத்தனை யூரோ, எதற்கு எவ்வளவு என்று நான் அவனுக்கு எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி, "வீண் செலவு கூடாது". அதை அவன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தான். என் தங்கையும் நானும் முப்பது நாளும் சாப்பிட்டாயா என்று கேட்டோம். ராத்திரி தூக்கம் வருகிறதா, குளிர்கிறதா என்று ஒருநாள் கூடக் கேட்கவில்லை. முதல் இரண்டு வார வகுப்பில் தவறவிட்டதை அவன் அடுத்த பருவத்தில்தான் எட்டிப் பிடித்தான்.

ஆகையால் கிளம்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்வது: கேள்வியை மாற்றுங்கள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்றுதான் பதில் வரும். என்ன சமைத்தாய், அடுப்பை எப்படிப் பற்ற வைக்கிறாய், துணி எங்கே துவைக்கிறாய், காட்டு பார்க்கலாம் என்று கேளுங்கள். அறையை வீடியோவில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். புரியாத பொத்தான், புரியாத சாவி, புரியாத நோட்டீஸ் இருந்தால் பையனே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவான். தினமும் துருவ வேண்டாம், அதுவும் தொல்லை. வாரம் இரண்டு முறை போதும். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அதற்கப்புறம் நாலரை. நாம் காலை ஆறு மணிக்குக் காபியோடு போன் போட்டால் அங்கே நடுராத்திரி.

இனி நான் கவுண்டரில் கற்ற சில விஷயங்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் முடக்கு கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. அவ்வளவு பணம் போட்டாயிற்றே, போய் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாதம் 992 யூரோதான் வரும். அதுவும் அங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், அலுவலகத்தில் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். இந்தச் சங்கிலி முடிய வாரக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் வாடகை முன்பணம் கேட்பார்கள். அது மூன்று மாத வாடகை வரை போகலாம். கையில் ஃபாரக்ஸ் கார்டில் இரண்டு மாதச் செலவுக்காவது தனியாக வைத்து அனுப்புங்கள். பணம் இல்லாமல் நிற்கிற பிள்ளை நம்மிடம் சொல்லாது. ரொட்டியைத் தின்றுகொண்டு நல்லா இருக்கேன் என்று சொல்லும்.

இன்னொன்று ஓடிபி. இங்குள்ள கணக்கில் எதைச் செய்தாலும் இந்திய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். கிளம்பும் முன் அந்த சிம்முக்கு சர்வதேச ரோமிங் போட்டு, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிம்மை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன ஒரு பெண்ணுக்கு ராத்திரி ஒரு மணிக்கு அம்மா ஓடிபி படித்துச் சொன்ன கதை எங்கள் கிளையில் பிரசித்தம்.

நெய், பால்கோவா இவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். பாலில் செய்ததையும் இறைச்சியையும் வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, புளி, கேழ்வரகு மாவு இவற்றைப் பிரச்சினை இல்லாமல் கொண்டு போகலாம். களி கிண்டத் தெரியாவிட்டால் மாவு மட்டும் கொடுத்துப் பயனில்லை. கிளம்பும் முன் ஒரு மாதம் சமையலறையில் விடுங்கள், பையனாக இருந்தாலும். அங்கே ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை மூடியிருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். சனிக்கிழமை மறந்த முதல் வாரம் எல்லாருக்கும் ஒரு பட்டினி உண்டு.

எந்த நாட்டுக்குப் போனாலும் வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் மாணவர் விவரத்தைப் பதிந்து வையுங்கள். அவசரம் என்றால் தூதரகம் தேடுவதற்கு அது உதவும். ஐரோப்பாவில் அவசர எண் 112. இதைப் பிள்ளையின் தலைக்குள் ஏற்றுங்கள்.

ராமானுஜன் விஷயத்துக்கு ஒருமுறை திரும்புகிறேன். அவர் போன நாலு மாதத்தில் முதல் உலகப் போர் வந்தது. 1917-இல் உடம்பு கெட்டு மருத்துவமனைகளில் கிடந்தார். அந்தக் காலத்தில் வீட்டுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்தே நின்று போயிருந்ததை ஹார்டி தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டார். 1919-இல் ஊர் திரும்பினார், மறு வருஷம் ஏப்ரலில் 32 வயதில் காலமானார். ஆறு வாரம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட நெவிலும், படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்த மஹலனோபிஸும் இல்லாவிட்டால் முதல் வருஷமே எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் போகிற ஊரில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு மாணவரின் எண்ணை வாங்கி, கிளம்பும் முன்பே பிள்ளையை அவரோடு பேச வையுங்கள் என்கிறேன். தமிழ்ப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அறைக்குள் வந்து பார்க்கக் கூடிய ஒருவராக இருக்க வேண்டும்.

என் தங்கை மகன் இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறான். நம் குடியிருப்பிலிருந்து ஜெர்மனி போகும் இருவருடைய விவரத்தையும் அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஹீட்டர் திருகைப் படம் எடுத்து, அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கிறான். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யாருக்காவது அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றே சொல்லுங்கள், அந்தப் பெண் செப்டம்பர் முதல் வாரம் கிளம்புகிறாள்.

கடன் சம்பந்தமாகச் சந்தேகம் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.