தீக்கு எல்லைக் கல் உண்டா?
(திருவிடந்தைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



குடிசை பற்றிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? 101 என்பீர்கள். நாமும் வேறோர் ஊரில் அப்படித்தான் கூப்பிட்டோம். "அந்த இடம் எங்கள் சரகமல்ல, பக்கத்து நிலையத்தைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. பேசி முடிப்பதற்குள் கூரை சாம்பல். கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் போயின. மறுநாள் ஒரு பெரியவர் அக்கினி பகவான் கோபம் என்றார். பகவான் கோபமல்ல அய்யா, சரகக் கோபம்!

1904இல் அமெரிக்காவில் பால்டிமோர் பட்டணம் எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய அயல் பட்டணங்களிலிருந்து ஆட்களும் வண்டிகளும் வந்து சேர்ந்தார்கள். வந்தும் என்ன பிரயோஜனம்? அவர்கள் கொண்டுவந்த குழாய்களில் பலவற்றின் மரை, அந்த ஊர்த் தெருக் குழாயில் பொருந்தவேயில்லை. ஊருக்கொரு மரை வைத்திருந்தார்கள், நம்மவர்கள் ஊருக்கொரு கிணறு, கிணற்றுக்கொரு ஜாதி வைத்திருந்ததுபோல! 1,500 கட்டடங்களுக்கு மேல் போயின. இங்கிலாந்துக்காரனுக்கோ தலையில் குண்டு விழுந்த பிறகுதான், 1941இல், ஊர்ப் படைகளையெல்லாம் ஒன்றாக்கத் தோன்றிற்று.

நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. தமிழ்நாடு முழுமைக்கும் தீயணைப்புத் துறை ஒன்றே. 1985ஆம் வருஷத்துச் சட்டமும் ஒன்றே. அப்படியிருக்க, செங்கற்பட்டு 2019இல் தனி ஜில்லா ஆயிற்று என்பதும், சென்னை எங்கே முடிகிறது என்பதும் வெந்துகொண்டிருப்பவனுக்கு எதற்கு? 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடல் சரகம் கேட்டா வந்தது? கிட்ட இருக்கிற வண்டி முதலில் வரட்டும். கணக்கை அப்புறம் எழுதிக்கொள்ளட்டும்.

இதையே மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம்.