பிறநாட்டிற் கண்ட நம் பொருள்
(தாம்பரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறநாடு சென்று மீண்டோர் தாம் கண்ட புதுமைகளைக் கூறக் கேட்பது யாவர்க்கும் உவப்பானதே. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய இவ்வூர்களில் மீனம்பாக்கத்து வானூர்தியின் முழக்கம் கேளாத நாளில்லை; அதிலேறிச் சென்ற மகனோ மகளோ இல்லாத வீடுகளும் சிலவே. ஆதலின், பயணத்தின் பயன் யாதெனச் சிறிது ஆராயக் கருதினோம்.

யாம் கண்டது மிகச் சிறிது. சென்ற கோடை விடுமுறையில் சிங்கப்பூர் சென்றிருந்தோம். வானளாவிய மாடங்களை எதிர்பார்த்தே சென்றமையால் அவை எம்மை வியப்பிக்கவில்லை. அறிவிப்புப் பலகைகளில் தமிழெழுத்தைக் கண்டபொழுதே திகைத்து நின்றோம். அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்றென முன்னரே படித்திருந்தோம். எனினும் கண்ணாற் காண்பது வேறு. பிறநாட்டில் நம்மைப் பெரிதும் வியப்பிப்பது ஆங்குக் கிடைக்கும் நம் பொருளே என்பதை அன்று உணர்ந்தோம்.

இவ்வுண்மையைத் தம் உழைப்பாற் காட்டியவர், 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் நூலை இயற்றிய ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911-இல் பிறந்த அவர், இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராயிருந்தார். அதுவும் நம் இதழைப் போல ஒரு சமூகச் சங்கத்தின் வெளியீடே. பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கினின்றும் அயர்லாந்து நோக்கிக் கப்பலிற் செல்லுகையில், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் அவர்க்கு உதித்தது. காந்தியடிகள் நம் நாட்டவர். ஆயினும் அவரைக் காட்டும் படச்சுருள்கள் பல கடல்கடந்த நாடுகளிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி ஏறத்தாழ ஓரிலட்சம் மைல் சுற்றி, 50,000 அடிச் சுருள் திரட்டி, 1940-இல் அப்படத்தைத் தமிழில் வெளியிட்டார்.

இனிக் கூறுவது வருந்தத்தக்கது. அவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த அத்தமிழ்ப் படத்தை நாம் காவாது இழந்தோம். பல்லாண்டு கழிந்தபின், 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த அதன் ஆங்கில வடிவத்தின் படியொன்றை, வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே தேடிக் கண்டார். நம் பொருளைக் காத்தளித்தவர் மீண்டும் பிறநாட்டாரே!

அன்பர்களே! இப்பழி நம் இல்லங்களிலும் நேரலாகாது. நம் முன்னோருட் சிலர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்று பொருளீட்டினர். அவர்கள் எழுதிய கடிதங்களும் எடுத்துக்கொண்ட படங்களும் இன்று யாண்டுள்ளன? சில பெட்டியடியிற் செல்லரிக்கின்றன. சில பழந்தாள் வாங்குவோனிடம் எடைக்குப் போயின. சில போகித் தீயில் வெந்தன.

எனவே எம் வேண்டுகோள் இரண்டே. வரும் போகிக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் பழம் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்; படங்களின் பின்புறத்தில், பெயரும் ஊரும் ஆண்டும் அறிந்த முதியோர் உள்ளபொழுதே அவரைக் கேட்டு எழுதிவையுங்கள். வெளிநாட்டில் வாழும் இளைஞரோ, தாம் கண்டு வியந்தவற்றை நாள் குறித்து வீட்டுக்கு எழுதுவாராக. அவற்றை வெளியிட நம் இதழில் என்றும் இடமுண்டு.