குழாய்க்குள்ள குடியேறின பூஞ்சை

இந்த எபிசோடை எங்க ஊர் வார்த்தை ஒண்ணுல இருந்து தொடங்குறேன்: மருந்து. சிவகாசி, சாத்தூர் பக்கம் மருந்துன்னு சொன்னா மெடிக்கல் ஷாப் கடைசியாத்தான் ஞாபகத்துக்கு வரும். பட்டாசுக்குள்ள அடைக்கிற ரசாயனக் கலவைக்குப் பேருதான் மருந்து. "மாமா எங்க?"ன்னு கேட்டா "மருந்து கலக்கப் போயிருக்கான்"னு பாட்டி சொல்லும். அதுல ஒரு பயமும் இருக்காது, பால் வாங்கப் போயிருக்கான்ங்கிற மாதிரிதான் சொல்லும்.

அந்த மாமா, என் அம்மாவோட தம்பி. தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது, ஆர்டர் நெருக்கடி உச்சத்துல, அவர் வேலை பார்த்த பயர் ஆபீஸ்ல கலவை ரூம்ல ஒரு உரசல். அவ்வளவுதான். 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டியில கிட்டத்தட்ட 40 பேர் செத்தாங்களே, அந்த மாதிரி பெரிய விபத்து இல்ல. பேப்பர்ல நாலு வரி. மாமாவுக்கு உடம்புல 35 சதவீதம் தீக்காயம். மதுரைக்குக் கொண்டு போனோம்.

நான் அப்போ எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதல் வருஷம். வீட்ல எல்லாரும் என்னைப் பாதி டாக்டர்னு நினைச்சிட்டு இருந்தாங்க. எனக்குத்தான் தெரியும், நான் அதுவரைக்கும் பார்த்த கேண்டிடா எல்லாம் கண்ணாடித் தட்டுல வெள்ளை வெள்ளையா வளர்ந்த பொட்டு மட்டும்தான்னு.

முதல் பத்து நாள் தாண்டிட்டாரு. புண்ணு ஆற ஆரம்பிச்சிருச்சுன்னு சொன்னாங்க. பன்னிரண்டாவது நாள் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் மாத்தினாங்க, இறங்கல. ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினா, வந்தது பாக்டீரியா இல்ல. கேண்டிடா அல்பிகன்ஸ், ஒரு பூஞ்சை.

அத்தை என்கிட்ட கேட்டாங்க: "பூஞ்சைன்னா ஊறுகாய்ல பூக்குமே, அதுவா பாப்பா? அது எப்படி ரத்தத்துக்குள்ள போகும்?"

நியாயமான கேள்வி. இந்தக் கேண்டிடா நம்மள்ல நிறைய பேரோட வாயிலயும் குடல்லயும் சாதுவா வாழுற ஒண்ணு. தோல் வேலி மாதிரி நிக்குது, கூடவே இருக்கிற பாக்டீரியாக்கள் அதுக்கு இடம் விடறதில்ல. தீக்காயம் வேலியைப் பிடுங்கிருது. ஆன்டிபயாட்டிக் அந்த பாக்டீரியாக்களைக் காலி பண்ணிருது. அதுக்கு மேல, கழுத்து வழியா பெரிய ரத்தக் குழாய்க்குள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்காங்க, அதைத்தான் சென்ட்ரல் லைன்னு சொல்வாங்க. அது இல்லாம இந்த அளவு தீக்காயத்துக்கு வைத்தியம் பண்றது கஷ்டம். பூஞ்சைக்கு அது நேர் ரோடு.

ஃப்ளூகோனசோல் ஆரம்பிச்சாங்க. லேப் ரிப்போர்ட்ல தெளிவா இருந்துச்சு, இந்தப் பூஞ்சை ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படும்னு. அஞ்சு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தா, பூஞ்சை அப்படியே இருக்கு. ரிப்போர்ட் தப்பா? இல்ல. இங்கதான் விஷயமே இருக்கு. லேப்ல சோதிக்கிறது தண்ணியில தனித்தனியா மிதக்கிற செல்களை. மாமா கழுத்துக் குழாய்க்குள்ள இருந்தது அது இல்ல. அங்க ஒரு ஊரே கட்டி முடிச்சிருந்துச்சு.

குடத்துக்குள்ள விரலை விட்டா ஓரத்துல வழவழன்னு ஒண்ணு தட்டுப்படும்ல? காலையில பல் விளக்குறதுக்கு முன்ன நாக்குல தெரியுமே, அதுவும் அதே ஜாதிதான். உயிர்ப்படலம்னு தமிழ்ல சொல்றாங்க, பயோஃபிலிம். கேண்டிடா முதல்ல பிளாஸ்டிக்ல ஒட்டும். அப்புறம் உருண்டையா இருக்கிற செல் நூல் மாதிரி நீளும். நூலும் நூலும் பின்னி, மேல சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு பிசினைப் பூசிக்கும். லேப்ல இது முழுசா வளர ஒண்ணு ரெண்டு நாள் போதும். அப்புறம் அதுல இருந்து செல்கள் பிரிஞ்சு ரத்தத்துல போய்க்கிட்டே இருக்கும்.

இதை யார் நடத்துறாங்க? கிளாரிசா நோபிள், அலெக்சாண்டர் ஜான்சன் குழு 2012-ல வெளியிட்ட வேலை இதுல ரொம்ப முக்கியம். மத்த ஜீன்களை ஆன், ஆஃப் பண்ற 165 ஜீன்களை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு பூஞ்சையிலயும் ஒரு ஜீனை மட்டும் நீக்கி, இது படலம் கட்டுதான்னு பார்த்தாங்க. கடைசியில ஆறு பேர் மாட்டினாங்க. எங்க ஊர்க் கணக்குல சொன்னா ஆறு ஃபோர்மேன். அந்த ஆறும் சேர்ந்து சுமார் 1,000 ஜீன்களை மேய்க்குது, ஒருத்தரை ஒருத்தர் கண்காணிக்கவும் செய்யுது. அதுல ஒண்ணு பி.சி.ஆர்.1. அதை நீக்கினா பூஞ்சை படலம் கட்டாது. ஆனா ஏ.எல்.எஸ்.3-ன்னு அதுக்குக் கீழ வேலை பார்க்கிற ஒரு ஒட்டுப்பசை ஜீனை மட்டும் வேகமா ஓடவிட்டா, ஃபோர்மேன் இல்லாமலே எலியோட ரத்தக்குழாய்ல வச்ச ட்யூப்ல மறுபடி ஒட்டிக்குது. இதைப் படிச்சப்போ எனக்குச் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய நிர்வாகம், கடைசியில பசையில வந்து நிக்குது.

மருந்து ஏன் வேலை செய்யல? ஒரு காரணம் அந்தப் பிசின். அதுல பீட்டா குளுக்கான்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கு, ஃப்ளூகோனசோலை அது வழியிலயே பிடிச்சு வச்சுக்கும். அந்த குளுக்கானைச் செய்ற நொதிக்கான ஜீன் எஃப்.கே.எஸ்.1. இன்னொரு பக்கம், ஒட்டின கொஞ்ச நேரத்துலயே உள்ள வந்த மருந்தை வெளிய இறைக்கிற பம்ப் ஜீன்கள் வேலையைத் தொடங்கிரும். மிதக்கிற செல்லைக் கொல்ற அளவை விட நூறு மடங்கு, சமயத்துல ஆயிரம் மடங்கு போட்டாலும் படலம் தாங்கும். அந்த அளவை ஒரு மனுஷனுக்குக் கொடுக்க முடியாது.

அதனால குழாயை எடுக்கணும். சொல்றது சுலபம். மாமாவுக்குக் கழுத்துல ஒரு பக்கமும் ரெண்டு கையும் வெந்து போயிருக்கு. புதுக் குழாய் போட நல்ல தோல் எங்க இருக்கு? டாக்டர் ஒருநாள் முழுக்க யோசிச்சார். அத்தைகிட்ட, "அம்மா, வச்சிருந்தாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்து. எடுக்கிற ஆபத்து கம்மின்னு நினைக்கிறேன்"னு சொன்னார். அத்தை, "எடுத்துருங்க சார்"னுட்டாங்க. அன்னைக்கு என்னை விடத் தெளிவா இருந்தது அவங்கதான்.

பழையதை எடுத்துட்டு தொடையில புதுக் குழாய் போட்டாங்க. மருந்தையும் கேஸ்போஃபங்கினுக்கு மாத்தினாங்க. அது அந்த எஃப்.கே.எஸ்.1 நொதியையே முடக்குற மருந்து, விலை கூட. கண்ணையும் சோதிச்சாங்க, ரத்தத்துல போற கேண்டிடா கண்ணுக்குள்ள இறங்கும்ங்கிறதால. நாலாவது நாள் எடுத்த ரத்தத்துல ஒண்ணும் வளரல. ரெண்டு வாரக் கணக்கு மருந்து தொடங்கின நாள்ல இருந்து இல்ல, ரத்தம் சுத்தமான அன்னையில இருந்துதான்.

மாமாவுக்கு வந்தது அல்பிகன்ஸ். அது அதிர்ஷ்டம்னுதான் சொல்வேன். கேண்டிடா ஆரிஸ்னு அதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். 2009-ல டோக்கியோவுல ஒரு பாட்டியோட காதுல இருந்து எடுத்துப் பேர் வச்சாங்க. 2013-ல டெல்லி ஆஸ்பத்திரி நோயாளிகள்கிட்ட இருந்ததைப் பத்தி அனுராதா சௌத்ரி குழு எழுதினாங்க. 2021-ல அதே குழு அந்தமான் கடற்கரையிலயும் அதைக் கண்டுபிடிச்சாங்க. இவனுக்கு ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் எடுபடாது, இ.ஆர்.ஜி.11 ஜீன்லயே மாற்றம் இருக்கும். கட்டில் கம்பியில வாரக்கணக்குல உயிரோட இருப்பான். நம்ம வெயில் மாதிரி 40 டிகிரி அவனுக்கு ஒண்ணுமே இல்ல. 2023-ல மிச்சிகன்ல எஸ்.சி.எஃப்.1-ன்னு அவன்கிட்ட மட்டும் இருக்கிற ஒரு ஒட்டுப்பசை ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. கப்பல் அடியில ஒட்டுற சிப்பி ஜாதிகள் மாதிரி மின்னூட்டத்தை வச்சு பிளாஸ்டிக்லயும் தோல்லயும் ஒட்டிக்கிறானாம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல போட்ட பூஞ்சைப் பட்டியல்ல ரெண்டு பேருமே முதல் வரிசையில இருக்காங்க.

உங்க வீட்டு ஆள் யாராவது ஐ.சி.யு.வுல இருந்தா, "இந்த லைன் இன்னும் தேவையா சார்?"னு தினம் ஒருதடவை மரியாதையா கேளுங்க. கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் கையில சானிடைசர் போடுங்க, நோயாளி கையைப் பிடிக்கிறதுக்கு முன்ன முக்கியமா.

மாமா இப்போ மருந்து கலக்கப் போறதில்ல. வேற ஒரு பயர் ஆபீஸ்ல கேட்ல உட்கார்ந்து, உள்ள போறவங்ககிட்ட செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைக்கிறார். கழுத்துல அந்தக் குழாய் போட்ட தழும்பு, சுத்தியிருக்கிற தீக்காயத் தழும்புக்கு நடுவுல சின்னப் புள்ளியா இருக்கு. சொன்னாத்தான் தெரியும்.