'உடனே' என்பது 'பிறகு' ஆன கதை



காலத்தை அளப்பதற்கென்று மனிதன் ஆக்கிக்கொண்ட சொற்களையே காலம் மாற்றிவிடுகின்றது. ஆங்கில மொழியிலே கால அளவைக் குறிக்கும் சில சொற்களின் வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து நோக்க விழைகின்றேன். தமிழாசிரியன் ஒருவனுக்கு ஆங்கிலச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று நீங்கள் வினவலாம். மொழிபெயர்ப்பு என்று ஒன்று உள்ளவரை அவ்வாராய்ச்சி எமக்கும் வேண்டியதே என்பது என் விடை. அதன் காரணத்தை உரையின் போக்கிலே காண்பீர்கள்.

இச்சொற்களை இரு கூட்டமாக வகுத்துக்கொள்வோம். கடிகாரத்துக்கும் நாட்காட்டிக்கும் உரிய அளவுச் சொற்கள் ஒரு கூட்டம். 'உடனே', 'இப்போதே' என்று நாம் பிறருக்கு வாக்குக் கொடுக்கும் சொற்கள் மற்றைய கூட்டம். முதலாவது கூட்டம் வரவர இறுகியது. இரண்டாவது கூட்டம் வரவர நெகிழ்ந்தது.

முதலில் அளவுச் சொற்கள். வட இங்கிலாந்தில் வாழ்ந்த பீட் என்னும் துறவி 725ஆம் ஆண்டில் காலக்கணிப்புப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். ஒரு மணித்தியாலத்தில் நாற்பது 'மோமென்ரம்' உண்டு என்பது அவர் தரும் கணக்கு. இன்றைய 'மோமென்ற்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இதுவே. இன்றைய அளவிற் சொன்னால் அது ஒன்றரை நிமிடம். அதே நூலில் 'மினுற்றம்' என்பது மணித்தியாலத்தின் பத்திலொரு பங்கு. அதாவது ஆறு நிமிடம்!

அந்த மணித்தியாலந்தானும் நிலையானதன்று. பகற்பொழுது நீண்டாலும் குறுகினாலும் அதைப் பன்னிரண்டாகப் பகுப்பதே அக்கால வழக்கு. கோடைப் பகல் பதினேழு மணித்தியாலம்வரை நீளுவதும் மாரிப் பகல் ஏழளவுக்குக் குறுகுவதுமான நாடு அது. ஆகவே கோடையின் ஒரு மணித்தியாலம் மாரியினதைப்போல இரு மடங்குக்கும் மேற்பட்டதாயிருந்தது. உழவனுக்கும் துறவிக்கும் அதனால் இடர் எதுவும் இருக்கவில்லை.

பின்னர் வானியலாரின் அறுபதின் கணக்கு வழக்குக்கு வந்தது. மணித்தியாலத்தை அறுபதாகப் பகுத்தபோது கிடைத்தது 'முதலாம் சிறு கூறு'. அக்கூற்றை மீண்டும் அறுபதாகப் பகுத்தபோது கிடைத்தது 'இரண்டாம் சிறு கூறு'. முதலாவதில் 'சிறு' என்னும் பொருள்தரும் பகுதி மட்டும் எஞ்சி 'மினிற்' ஆயிற்று. இரண்டாவதில் 'இரண்டாம்' என்பது மட்டும் எஞ்சிச் 'செக்கண்ட்' ஆயிற்று. நாம் செக்கன் என்று வழங்குவது உண்மையில் வெறும் 'இரண்டாவது' என்ற எண்ணுப்பெயரே. 1656இல் ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் ஊசற் கடிகாரத்தை அமைத்த பின்னரே நிமிட முள் கடிகாரங்களிற் பரவலாயிற்று. 1967இல் சீசியம் அணுவின் அதிர்வைக்கொண்டு செக்கனுக்கு வரைவிலக்கணம் வகுத்தார்கள். இப்படி ஒரு சொல் அணுவோடு பிணிக்கப்பட, 'மோமென்ற்' மட்டும் தன் அளவை இழந்து கணப்பொழுது என்ற பொதுப்பொருளோடு நின்றுவிட்டது.

இடம்பெயர்ந்த சொல்லும் உண்டு. நண்பகலைக் குறிக்கும் 'நூன்' என்ற சொல்லுக்கு 'ஒன்பதாவது' என்பதே அடிப்பொருள். சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படும் ஒன்பதாவது மணி, அதாவது பிற்பகல் மூன்று மணியளவு. மடாலயங்களில் அவ்வேளைக்குரிய வழிபாடும் அதையடுத்த உணவும் சிறிது சிறிதாக முன்னுக்கு வந்தமையால் சொல்லும் உடன் நகர்ந்து பன்னிரண்டு மணியில் வந்து நின்றது என்பர். பசி காலத்தையும் இழுத்துவரும் போலும்!

இரு கிழமையைக் குறிக்கும் 'போர்ட்நைற்' என்பது பதினான்கு இரவுகள் என்பதன் சுருக்கம். பழைய ஜெர்மானியர் நாளைப் பகலால் எண்ணாது இரவால் எண்ணினர் என உரோம வரலாற்றாசிரியர் ரசிற்றஸ் கி.பி. 98 அளவில் எழுதியிருக்கின்றார். ஆங்கிலேயரின் முன்னோரும் அம்மரபினரே. ஏழு இரவுகள் என்று பொருள்படும் 'செனைற்' என்ற சொல்லும் முன்பு வழக்கிலிருந்தது. 1813இல் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் நாவலிலே அதைக் காணலாம். தம்பி மறைந்துவிட்டான், தமையன் இருக்கின்றான். அமெரிக்காவிலோ தமையனும் அருகிவிட்டான்.

'செஞ்சுரி' என்பது இன்று நூறாண்டு. சேக்ஸ்பியர் காலத்தில் அது எந்த நூறுக்கும் உரியது. அவருடைய 'சிம்பலின்' நாடகத்தில் நூறு பிரார்த்தனைகளை அச்சொல்லாற் குறிக்கக் காண்கின்றோம். அப்பொருள் இறந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். நம் இளைஞர் கிரிக்கெற் வர்ணனையில் நாள்தோறும் கேட்பது அந்தப் பழைய பொருளைத்தான்.

இனி இரண்டாவது கூட்டம். இங்கேதான் மொழியில் மனித சுபாவம் வெளிப்படுகின்றது.

'சூன்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்று பொருள்பட்டது. இன்று அது 'விரைவில்'. 'அனன்' என்பது 'ஒன்றினுள்' என்ற தொடரிலிருந்து பிறந்தது; ஒரே மூச்சில் என்று நாம் சொல்லுவதுபோல. அதுவும் 'சற்றுப் பின்னர்' ஆகித் தேய்ந்தது. 'பிரசன்ற்லி' என்பது 'இக்கணமே' என்றிருந்து 'கொஞ்ச நேரத்தில்' ஆயிற்று. 'பை அன்ட் பை' என்பதும் அவ்வாறே. ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைக் கேட்கும் இடத்தில், 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இத்தொடரையே ஆளுகின்றது. தலையை உடனடியாகத் தரவேண்டும் என்பதே அவள் கோரிக்கை. அத்தொடரின் இன்றைய பொருளைக் கொண்டாலோ, அவசரமில்லை, ஆறுதலாகத் தாருங்கள் என்றாகிவிடும்! 1881இல் அவ்விவிலியத்தைத் திருத்தியோர் அவ்விடத்தில் வேறு சொல்லை இட்டனர்.

எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஒருமுறை சேக்ஸ்பியரின் 'புயல்' நாடகக் காட்சியொன்றைத் தமிழாக்கிக் கொணர்ந்தனர். புரொஸ்பரோ தன் ஏவலனாகிய ஏரியல் என்ற ஆவிக்கு ஒரு பணி இடுகின்றான். ஏரியலின் மறுமொழியில் வரும் 'பிரசன்ற்லி' என்ற சொல்லை மாணவர் 'கொஞ்சம் பொறுத்தா?' என்று எழுதியிருந்தனர். அகராதி அவர்களுக்குத் துணைநின்றது. ஆனால் காற்றினும் கடுகி ஓடும் ஏரியல் அந்த ஒரு சொல்லாற் சோம்பேறியாகிவிட்டான். அடுத்த வரியைப் பாருங்கள் என்றேன். கண்சிமிட்டும் பொழுதுக்குள் என்பதுதான் எஜமானின் விடை. சொல்லின் பழைய பொருளுக்கு நாடகமே அங்கு உரைசெய்து நிற்கின்றது.

'உடனே' என்பவை யாவும் 'பிறகு' ஆனது ஏன்? விடையையும் சேக்ஸ்பியரிடமே பெறலாம். 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற்பாகத்தில் பிரான்சிஸ் என்றொரு மதுச்சாலைப் பணியாள் வருகின்றான். இளவரசன் அவனைப் பேச்சிலே பிடித்து நிறுத்துகின்றான். அப்பால் இளவரசனின் தோழன் அவனைக் கூவி அழைக்கின்றான். பணியாளோ ஒவ்வொரு அழைப்புக்கும் 'அனன், அனன்' என்று குரல் கொடுக்கின்றான்; போகின்றானில்லை. 'இதோ' என்பது அவன் சொல். காத்திருப்பது கேட்டவன் அனுபவம். சொல்லின் பொருளை நிலைநாட்டுவது சொன்னவனின் எண்ணமன்று, கேட்டவனின் அனுபவமே. ஆயிரம் பேர் ஆயிரம் முறை 'உடனே' என்று கூறித் தாமதித்தால், 'உடனே' என்பதற்குத் தாமதம் என்றே பொருளாகிவிடும். பின்பு உண்மையான உடனடிக்கு மொழி புதிய சொல் தேடவேண்டும். அந்தச் சொல்லையும் நாம் கெடுத்துவிடுவோம்.

இது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய குறைபாடன்று. படலையில் நின்று கூப்பிடும் நண்பனுக்கு, இன்னும் சாரத்தோடு திண்ணையில் இருப்பவர் 'இந்தா வந்திட்டன்' என்கிறார். வரப்போகிறவர் இறந்தகாலத்திற் பேசுகின்றார்! நிமிடம் என்ற சொல்லை எடுங்கள். கண்ணிமைப்பைக் குறித்த வடமொழிச் சொல்லின் வடிவம் அது. இன்று அறுபது செக்கனாக நீண்டு கிடக்கின்றது. கிழமை என்பது உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. எமது ஈழத்து வழக்கில் அது ஏழு நாளுக்கும் பெயராகி, 'அடுத்த கிழமை' என்கின்றோம். தமிழ்நாட்டு வாசகர் இவ்விடத்திற் சற்றுத் தடுமாறுவர்.

ஆகவே நேயர்களே, அறியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை, அகராதியைத் தேடவைக்கின்றது. அறிந்த சொல்லே ஏமாற்றுகின்றது. பழைய நூலிலே நன்கு தெரிந்த சொல்லைக் காணும்போதுதான் கூடுதலாக ஐயுறவேண்டும். தமிழிலே அப்பணிக்கு உரையாசிரியர்கள் நமக்கு வாய்த்தார்கள். பிறமொழி நூலைத் தமிழாக்குவோர் அவ்வுரையாசிரியர் பொறுப்பையும் தாமே ஏற்கவேண்டும். இன்றேல் நானூறு ஆண்டுக்கு முன் விரைந்தோடிய பாத்திரங்களை நாம் சோம்பேறிகளாக்கி மேடையேற்றுவோம்.