பள்ளி முடிந்தது, அடுத்த வாசல் எது?

(அம்பத்தூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



"பிள்ளை பன்னிரண்டாவது தேறிவிட்டான். அடுத்து என்ன?" இதுதான் இன்று நம் வீடுகளில் பேச்சு. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் தகப்பனுக்கும், பூந்தமல்லிப் பக்கம் நாற்று நடும் தாய்க்கும் இது லேசான கேள்வியல்ல. வீட்டில் கடன் இருக்கிறது. நாளைக்கே பையன் நாலு காசு கொண்டுவந்தால் நல்லது என்று மனம் சொல்கிறது. அதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. எந்த வாசலில் நுழைகிறான் என்று பார்த்து அனுப்புங்கள் என்று சொல்லவே வந்தோம்.

தொழில் கற்ற கைகள் எழுப்பிய வட்டாரம் இது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் ஆலை வைத்தது. 1964-ல் இங்கே தொழிற்பேட்டை வந்தது. 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. ஃபிட்டரும் டர்னரும் வெல்டரும் இல்லாமல் இவற்றில் எது நடந்தது?

இன்று பள்ளிக்கூடம் முடிந்த பிள்ளையிடம் ஏஜெண்டு வருகிறான். "வேலை இல்லை தம்பி, டிரெய்னிங்" என்கிறான். நாமும் பத்தாவது தேறிய கையோடு ஒரு பட்டறையில் அப்படி நுழைந்தவர்கள்தான். இரண்டு வருஷம் ஒரே டிரில்லிங் மிஷினில் ஒரே துளையைப் போட்டோம். வெளியே அனுப்பியபோது தொழிலும் தெரியவில்லை. கையில் ஒரு சீட்டும் இல்லை.

அந்த ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது? 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் தொழிலாளி அல்ல என்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று அது முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதே சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், உதவித்தொகை தர வேண்டும், வேலையில் காயம்பட்டால் நஷ்டஈடு உண்டு என்றும் சொல்கிறது. பதிவே இல்லாமல் 'டிரெய்னி' என்று பெயர் மட்டும் வைத்தால் என்ன ஆகிறது? பழகுநருக்கு உள்ளதும் கிடைப்பதில்லை. தொழிலாளிக்கு உள்ளதும் கிடைப்பதில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தக் கணக்கில் ஏறாதபடி தடுக்கவும் இந்தப் பெயர் உதவுகிறது.

ஆகவே வாசலில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். என்ன தொழில் கற்றுத் தருவீர்கள்? ஒப்பந்தத்தின் நகல் எங்கே? முடிந்ததும் என்ன சர்டிபிகேட்? பதில் வராத இடத்தில் கற்பது எதுவும் இருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அம்பத்தூரிலேயே சர்க்கார் ஐ.டி.ஐ. இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-லும், பையனுக்கு 2024-லும் தொடங்கின, ஐ.டி.ஐ., டிப்ளமா படிப்பும் அதில் சேர்ந்ததே. பெண் பிள்ளை என்றால் தையல் கம்பெனிதான் என்று முடிவு கட்டாதீர்கள். அவளும் லேத் ஓட்டுவாள்.

இரண்டு வருஷம் வீட்டில் வயிற்றைக் கட்டுவது கஷ்டம். நமக்குத் தெரியாததல்ல. ஆனால் தொழில் கற்ற கையை ஏஜெண்டு நினைத்தபடி விலை பேச முடியாது. கட்டாயத்தால் பிள்ளை இன்றே வேலைக்குப் போனாலும், வேலை செய்த நாட்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாளை யூனியன் அவனுக்காகப் பேசும்போது, அந்த நோட்டுதான் சாட்சி!