ஏட்டில் முதல் மொழி: அயர்லாந்தின் அனுபவம்

(உலகத் தாய்மொழி நாளையொட்டி நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சென்ற வகுப்பின் முடிவில் இளந்தோழர் ஒருவர் கேட்டார்: "அரசமைப்புச் சட்டத்தில் ஆட்சிமொழித் தகுதி கிடைத்துவிட்டால் ஒரு மொழி பிழைத்துவிடாதா?" அன்று நேரமில்லை. இன்று அயர்லாந்தை முன்வைத்து விடை கூற முயல்கிறேன்.

அந்நாட்டின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பின் 8ஆம் பிரிவு, ஐரிஷ் தேசிய மொழியாதலின் அதுவே முதல் ஆட்சிமொழி என்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடம். இதனினும் உயர்ந்த தகுதியை எந்தச் சட்டமும் வழங்க இயலாது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சுமார் 51 லட்சம் மக்களுள் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். கல்விக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோரோ 71,968 பேர்.

இந்த வீழ்ச்சியின் வேர் வயிற்றுப்பாட்டில் இருக்கிறது. 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த நாட்களில் நிகழ்ந்த சாவு அது. மாண்டோரும் வெளியேறியோரும் பெரும்பாலும் குத்தகை விவசாயிகள், கூலிகள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியே பெரிதும் அழிந்தது. மிஞ்சியவர்கள், பிழைப்பு ஆங்கிலத்தில்தான் என்று கண்டு பிள்ளைகளுக்கு அதையே கொடுத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

விடுதலைக்குப் பின் அமைந்த அரசு ஐரிஷைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. அம்மொழியை வீட்டில் பேசிய மேற்குக் கரைச் சிறு விவசாயிகளோ தொடர்ந்து ஊரைவிட்டுச் சென்றுகொண்டிருந்தனர். கன்னமாரா அத்தகைய பகுதி. (சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த ஆளுநரின் பிரபுப் பட்டம் அவ்வூர்ப் பெயரே.) அங்கே பிறந்த எழுத்தாளர் மார்ட்டீன் ஓ கைன், குடியரசுப் படை இயக்கத்தில் இருந்ததற்காக ஆசிரியர் வேலையை இழந்தவர். அவர் போன்றோர் 1930களில் எழுப்பிய கோரிக்கை மொழிப்பாடம் அன்று, நிலம். அதன் விளைவாக 1935இல் கன்னமாராவின் 27 குடும்பங்களுக்குக் கிழக்கே மீத் மாவட்டத்தின் ராத் கார்னில் நிலமும் வீடும் வழங்கப்பட்டன. ஆங்கிலம் சூழ்ந்த அவ்வூரில் இன்றும் ஐரிஷ் பேசப்படுகிறது. ஐரிஷ் வழங்கும் பகுதியென அரசு அதை அங்கீகரித்ததோ 1967இல், நிலம் கிடைத்து 32 ஆண்டுகள் கழிந்த பின்!

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். 2007இல் ஐரிஷ் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழியாயிற்று. ஆனால் போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமையால் ஆவணங்கள் அனைத்தையும் அம்மொழியில் தரும் கடமைக்கு 2021 இறுதிவரை விலக்கு நீடித்தது. தகுதி வந்தது; அதைச் சுமக்கும் கைகள் பதினைந்து ஆண்டு பிந்தின.

ஆகவே தகுதி வேண்டாம் என்று பொருளல்ல. வட அயர்லாந்தில் நீதிமன்றங்களில் ஆங்கிலமன்றிப் பிறமொழியைத் தடுத்த 1737ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 2022இல்தான் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பல்லாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. நம் நாட்டிலும் சந்தாலி மொழி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் ஏறியது; அதைப் பேசும் உழவரின் நிலம் யார் கையில் என்பது அட்டவணைக்கு வெளியே நிற்கும் வினா.

இன்று கன்னமாராவில் வாடகையும் வீட்டு விலையும் உயர்ந்து, ஐரிஷ் பேசும் இளையோர் சொந்த ஊரில் குடியிருக்க இயலவில்லை. அங்குள்ள மொழி இயக்கத்தின் கோரிக்கைகளுள் இப்போது வீட்டு வசதியும் ஒன்று.