ஆறு முறை தவறிய ஏவுகணை

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். நான் இருப்பது சோதனைப் பிரிவில். "சரக்கை எப்பய்யா விடுவே?" என்று எல்லோரும் நச்சரிக்கிற இடம். அதனால் எங்கள் பிரிவுக்குப் பாடமான ஒரு கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் 'தாட்' இடைமறிப்பு ஏவுகணையின் கதை.

எதிரியின் ஏவுகணை விழுவதற்குள் வானத்திலேயே அழிப்பது இதன் வேலை. இதில் வெடிகுண்டே கிடையாது. நேராகப் போய் இடிக்க வேண்டும். மோதுகிற வேகமே அழித்துவிடும். நாலு முழம் தள்ளிப் போனாலும் போனதுதான்!

1991 வளைகுடாப் போரில் ஸ்கட் ஏவுகணைகளைப் பார்த்ததும் அவசரம் பிடித்துக்கொண்டது. 1992-இல் ஒப்பந்தம் போட்டார்கள். நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் தளத்தில் 1995 டிசம்பரில் முதல் முயற்சி. மென்பொருள் பிழையால் தவறியது. 1996 மார்ச்சில், மோதும் பகுதி உந்துபொறியிலிருந்து பிரிவதில் கோளாறு. அதே ஜூலையில், இலக்கைத் தேடும் கருவியில் கோளாறு. 1997-இல் மின்னமைப்பில் அசுத்தம். 1998 மே மாதம் ஷார்ட் சர்க்யூட். 1999 மார்ச்சில் ஆறாவது முறையும் தவறியது.

முதல் ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு காரணங்கள். ஓய்வுபெற்ற ஜெனரல் லாரி வெல்ச் தலைமையிலான குழு 1998-இல் அலசிப் பார்த்து, இது தோல்வியை நோக்கி ஓடுகிற ஓட்டம் என்றது. தரையில் போதுமான சோதனை செய்யாமல், தேதிக்காகப் பறக்கவிட்டிருந்தார்கள்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு மார்ச் கடைசி நாளில், அதிர்வுச் சோதனை முடியாத ஒரு கண்ட்ரோல் பேனலுக்கு நானே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு திருகு தளர்ந்து இயந்திரம் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. என் தூக்கம்தான் போனது.

தாட் 1999 ஜூன் 10 அன்று முதன்முதலாக இலக்கை இடித்தது, ஆகஸ்டில் மறுபடியும். "ஆச்சு, அனுப்பு" என்று யாரும் சொல்லவில்லை. வடிவமைப்பைத் திருத்தி, 2005-இல்தான் மீண்டும் பறக்கவிட்டார்கள். முதல் படைப்பிரிவு 2008-இல் அமைந்தது. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில், உண்மையாகவே பாய்ந்து வந்த ஏவுகணையை வீழ்த்தியது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். "இன்னும் ரெடி இல்லை சார்" என்று சொல்ல நேர்ந்தால் தயங்காமல் சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் திட்டு ஒரு நாளோடு போய்விடும்.